கோத்தகிரிக் கோடைக்குச் சில நாவல்கள்

திருப்பூரில் வங்கிப் பணியில் இருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். மே மாதத்தில் தம் தாயாரையும், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த மகனையும் அழைத்துக்கொண்டு கோத்தகிரியில் பத்து நாள் வந்து தங்கப்போவதாகவும், மூவரும் படிப்பதற்கு என் சொந்த விருப்பத்திலிருந்து சில கதைப் புத்தகங்களைச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருந்தார். “கோடைக்கு ஏற்றதாக இருக்கட்டும் ஐயா, ரொம்பக் கனமானதாக வேண்டாம்” என்று முடிவில் ஒரு வரியையும் சேர்த்திருந்தார். அந்த ஒரு வரியால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீண்டுவிட்டது.

முதலில் என் கோடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரியில் புத்தகம் சேர்த்து வைத்திருப்பவனுக்குக் கரையானைவிட ஈரமே பெரிய பகை. ஜூனில் தொடங்கும் சாரல், அதன்பின் ஐப்பசி மழை, மார்கழிப் பனி என்று ஒன்றன்பின் ஒன்றாக வருவதில் அலமாரிக்குள் பூட்டி வைத்த புத்தகங்களின் முதுகிலும் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படிந்துவிடும். ஆகவே ஏப்ரலில் வெயில் நிலைத்து அடிக்கும் நாட்களில் வாசலில் இரண்டு கோரைப்பாய்களை விரித்து, புத்தகங்களைக் கூரைபோலக் கவிழ்த்து நிறுத்தி உலர்த்துவேன். பழைய பசையில் சூடு ஏறும்போது மெல்லிய சடசடப்புக் கேட்கும். அட்டைக்கும் முதல் பக்கத்துக்கும் இடையில் ஓராண்டு குடியிருந்த ராமபாணப் பூச்சி வெளியே வந்து, வெளிச்சத்தில் திகைத்துப்போய், அடுத்த புத்தகத்துக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். மேட்டுப்பாளையத்திலிருந்து வாங்கிவந்த வேப்பிலையைப் பக்கங்களுக்கிடையே செருகி மாலைக்குள் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிவிட வேண்டும். ஒரே நாளில் முடிய வேண்டிய இந்த வேலை எனக்கு ஒவ்வோர் ஆண்டும் நான்கு நாள் பிடிக்கிறது. திருப்பி வைப்பதற்காகக் கையில் எடுத்த புத்தகத்தை நின்ற வாக்கிலேயே இருபது பக்கம் படித்துவிடுவதுதான் காரணம். அப்படி என்னை வெயிலில் நிறுத்திவைத்த புத்தகங்களிலிருந்தே உங்களுக்கான பட்டியலை எடுத்திருக்கிறேன்.

கனமானதாக வேண்டாம் என்று நீங்கள் எழுதியது விளங்குகிறது. மார்ச் முடிவுக் கணக்கில் கழுத்தொடிந்துபோனவர்கள் ஓய்வுக்கு வரும்போது தலைவலியை விலைகொடுத்து வாங்க விரும்பமாட்டார்கள். ஆனால் கனம் எங்கே இருக்கிறது என்பதில் எனக்கும் உங்களுக்கும் சிறிது வேறுபாடு உண்டு. தனக்கே தெளிவாகாத ஒன்றை எழுதுகிறவன் வாசகன் தலையில் ஏற்றிவிட்டால் அறுபது பக்கக் குறுநாவலும் சுமக்க முடியாததாகிவிடும். கொலையும் பசியும் சாவும் நிறைந்த நானூறு பக்க நாவல், சொல்கிறவனுடைய கை சரியாக இருந்தால், ஓடையில் விட்ட இலைபோல நம்மை இழுத்துக்கொண்டு போகும். ஆண்டின் மற்ற மாதங்களில் பேருந்தில் ஆறு பக்கம், தூங்கப்போகும் முன் நான்கு பக்கம் என்று படிப்பவர்களுக்கு நீண்ட நாவல்கள் பிடிபடாமல் போவது அவர்களுடைய குறையன்று. அத்தகைய நாவல்களுக்குத் தொடர்ச்சியாக மூன்று நான்கு பிற்பகல்கள் வேண்டும். மே மாதக் கோத்தகிரியில் அது தாராளமாகக் கிடைக்கும். காலையில் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் மேகம் கூடி, பல நாட்களில் மூன்று மணிக்குக் கோடை மழை பிடித்துக்கொள்ளும். மின்சாரமும் அதோடு போகும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து படிப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.

இன்னொன்று, குளிருக்காக மலையேறி வருகிறவர்கள் கீழேயுள்ள வெயிலைப் புத்தகமாக எடுத்துவர வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். வெயிலில் உட்கார்ந்து வெயிலைப் படித்தால் புழுக்கம்தான் மிஞ்சும். போர்வைக்குள் உட்கார்ந்து படிக்கும்போதுதான் கதைக்குள் அடிக்கும் உச்சிப் பொழுது தனியாகத் தெரிகிறது.

அதனால் உங்கள் மகனுக்கு முதலில் சொல்வது பூமணியின் ‘வெக்கை’. 1982இல் வெளிவந்தது. இதைத் தழுவி 2019இல் வந்த ‘அசுரன்’ படத்தை அவர் பார்த்திருப்பார். கதை தெரிந்துவிட்டதே என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். படம் பழிவாங்கலைச் சுற்றிக் கட்டப்பட்டது. நாவலிலோ அந்தக் காரியம் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம் தன் அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டப் போய், ஆளையே வெட்டிவிட்டு வருகிறான். அதற்குப் பின் நாவல் முழுவதும் தகப்பனும் மகனும் ஒளிந்து திரியும் சில நாட்களே. எங்கே தூங்குவது, எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும், எதைப் பிடுங்கி எதைச் சுட்டுத் தின்பது என்பவைதான் அவர்களுடைய அன்றாடம். ஒரு கொலையைப் பற்றிய நாவலில் இத்தனை சாப்பாட்டுப் பேச்சு எதற்கு என்று முதல் வாசிப்பில் எனக்குத் தோன்றியது. இரண்டாவது வாசிப்பில்தான், அந்தப் பேச்சு வழியாகத் தகப்பன் தன் மகனை மீண்டும் குழந்தையாக்கிக்கொண்டிருக்கிறான் என்பது பிடிபட்டது. அவன் மகனைத் திட்டுவதும் இல்லை, வீரன் என்று மெச்சுவதும் இல்லை. எழுதுகிறவன் என்ற முறையில் நான் பூமணியிடம் பொறாமைப்படும் இடம் இது: மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று விளக்க அவர் எங்கும் நிற்பதில்லை, செயலையும் பேச்சையும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். கோவில்பட்டி வட்டாரக் கரிசல் பேச்சு, கொங்குக் காதுக்கு முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் முரண்டுபிடிக்கும். அதற்குள் புத்தகத்தைக் கீழே வைத்துவிடாமல் இருந்தால் போதும்.

உங்களுக்கு அதே வரிசையில் பெருமாள்முருகனின் முதல் நாவலான ‘ஏறுவெயில்’ (1991). குடியிருப்பு ஒன்று கட்டுவதற்காக விளைநிலம் கைவிட்டுப் போன குடும்பம், ஊரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மெல்லச் சிதைவதைச் சொல்கிறது. பேச்சுமொழி உங்கள் ஊருக்குப் பக்கத்து மொழி என்பதால் உங்களுக்குத் தடையிருக்காது. நிலத்தை விற்றுக் கைக்கு வந்த பணம் ஒரு குடும்பத்துக்குள் என்னென்ன செய்யும் என்பதை வங்கியின் கூண்டுக்குப் பின்னால் இருந்து பார்த்தவர் நீங்கள். அதை வீட்டுக்குள்ளிருந்து பார்த்து, இருபத்தைந்து வயதையொட்டிய ஒருவர் இப்படி எழுதியிருப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது பெரிய புத்தகத்துக்கு வருகிறேன். பத்து நாளில் ஒரே ஒரு நாவலைத்தான் படிப்பேன் என்று நீங்கள் சொன்னால், ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைத்தான் கையில் கொடுப்பேன். சிங்கம்புணரிக்காரரான சிங்காரம் இளம் வயதிலேயே பிழைப்புக்காகச் சுமத்ராவின் மெடான் நகருக்குப் போய், இரண்டாம் உலகப் போரை அங்கே கண்டு, பின்னர் மதுரைக்குத் திரும்பி நாளிதழ் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வாழ்நாளில் அவர் எழுதிய நாவல்கள் இரண்டுதான்; இது 1972இல் அச்சானது. ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைவதில் தொடங்குகிறது. செட்டியார்களின் வட்டிக் கடைகளில் அடுத்தாட்களாகவும் பெட்டியடிப் பையன்களாகவும் கப்பலேறிப் போன தமிழர்கள், போர் வந்ததும் வணிகராகவும் கடத்தல்காரராகவும் இந்திய தேசிய இராணுவச் சிப்பாய்களாகவும் மாறிப்போகும் காலம். நடுநாயகமான பாண்டியன், துணிச்சலும் கசப்பும் சம அளவில் கலந்த ஆள். பினாங்குக்குத் தொங்கான் என்னும் பாய்மரக் கப்பலில் கடல் கடக்கும்போது புயலில் சிக்கிக்கொள்ளும் பகுதிக்கு ஈடாகத் தமிழ்ப் புனைவில் வேறொரு கடலை நான் படித்ததில்லை. அங்கே வாக்கியங்களே அலையாகின்றன. நீளமாகத் தூக்கி, சட்டென்று முறித்து, மீண்டும் தூக்குகின்றன. உரக்கப் படித்துப் பார்த்தால் மூச்சு வாங்கும்.

ஆனால் இந்த நாவலைப் பாதியில் விட்டவர்களே அதிகம் என்பதையும் மறைக்கக் கூடாது. நானும் முதல் இரண்டு முறை நாற்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை. மலாய்ச் சொற்கள், மெடான் தெருப் பெயர்கள், யாரென்று அறிமுகம் செய்யாமலே வந்து போகும் ஆட்கள், இடையிடையே பழந்தமிழ் வரிகளை எடுத்துச் செய்யும் கேலி எல்லாம் சேர்ந்து புதிதாக வருகிறவரை வாசலிலேயே நிறுத்திவிடும். எனக்குக் கைகொடுத்தது ஒரு மழைக்காலம். மண்சரிவில் பாதை அடைபட்டு மூன்று நாள் வீட்டுக்குள் கிடந்தபோது, தெரியாத சொல்லுக்கு நிற்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு படிக்கத் தொடங்கினேன். சந்தைக்கூட்டத்துக்குள் நுழைந்தவன் எல்லோருடைய பெயரையும் விசாரித்துக்கொண்டிருப்பதில்லை அல்லவா? அப்படி நுழைந்தபின் நூறாம் பக்கத்தில் அந்த உலகம் முழுவதும் பழகிய தெருவாகிவிட்டது. கடல்கடந்த நாட்டில் படுத்துக்கொண்டு, பாண்டியன் மதுரையின் தெருக்களையும் சின்ன வயதில் பார்த்த சந்தையையும் கடை கடையாக நினைத்துப் பார்க்கும் பக்கங்களைச் சொந்த ஊரைவிட்டு வெளியே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். அந்த வகையில் விடுமுறைக்கு இது மிகவும் பொருத்தமானது. பெண்களைப் பற்றிய இந்த நாவலின் பார்வை ஆண்களின் மதுக்கூடப் பேச்சுக்கு வெளியே அதிகம் வருவதில்லை என்பது என் குறை. அதற்காகப் புத்தகத்தைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ ஒரே நாளில் படித்து முடிக்கக்கூடியது. சென்னையில் குழாய் வறண்ட ஒரு காலத்தில், ஒரு தெருவில் வசிக்கும் ஜமுனா, அவள் தங்கை சாயா, எதிர்வீட்டு டீச்சரம்மா ஆகியோரின் கதை. குடத்துக்கும் வாளிக்கும் நடுவில் ஒருத்தியுடைய வாழ்க்கை உடைவதையும், பெரிய அறிவிப்பு ஏதுமில்லாமல் அவள் எழுந்து நிற்பதையும் அசோகமித்திரன் குரலே உயர்த்தாமல் சொல்லிவிடுகிறார். ஊற்றும் ஓடையும் நிறைந்த மலையில் தண்ணீர்ப் பஞ்சக் கதை எதற்கு என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருக் குழாயில் ஏப்ரல், மே மாதங்களில் வாரம் ஒருமுறை தண்ணீர் வந்தாலே நல்ல காலம். உங்கள் விடுதி அறையில் வெந்நீர் தடையின்றி வருகிறதென்றால், கீழே ஏதோ ஒரு வளைவில் லாரி ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

உங்கள் தாயாருக்கு இரண்டு சொல்கிறேன். ஒன்று, ஹெப்ஸிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964). திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் எழுதிய முதல் நாவல். பெருமை மட்டும் மிஞ்சிப்போன ஒரு பனைவிளை வீடு, அங்கே கண்ணப்பச்சி என்று அழைக்கப்படும் தாத்தா, பெரியவளானதும் படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் இருத்தப்படும் லிஸி, பனையேறியின் மகனான தங்கராஜ். காதல் கதைதான்; ஆனால் லிஸியின் பிடிவாதம் அழுகையாகவோ ஆவேசமாகவோ வெளிப்படாமல், காத்திருக்கும் பொறுமையாகவே கடைசிவரை இருப்பதால் படித்து முடித்த பின்னும் அவள் முகம் போகாது. குமரி மாவட்டப் பேச்சு தொடக்கத்தில் புதிதாக இருந்தாலும், உரக்கப் படித்தால் தானாக விளங்கும். மற்றொன்று, வைக்கம் முகம்மது பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’. மலையாளத்திலிருந்து தமிழில் பல காலமாகக் கிடைப்பது. உடல்நலம் தேற அமைதியைத் தேடி ஊருக்கு வரும் எழுத்தாளர், அம்மா, தம்பிமார், தங்கைமார், அவர்களுடைய பிள்ளைகள், பூனை, கோழி எல்லாம் நிறைந்த வீட்டில் மாட்டிக்கொள்கிறார். தங்கையின் ஆடு அவர் எழுதிய புத்தகங்களையே தின்றுவிடுகிறது. ராமபாணப் பூச்சியோடு மல்லுக்கட்டும் எனக்கு அந்த ஆட்டின்மேல் தனி மரியாதை உண்டு. மூன்று தலைமுறை ஓர் அறையில் உட்கார்ந்து, ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பதற்கு இதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது. மின்சாரம் போன மாலையில் மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு உங்கள் மகனைப் படிக்கச் சொல்லுங்கள்.

இதுவரை கீழ்நாட்டு வெயிலையும் கடலையும் சொன்னேன். மலைக்கு வந்துவிட்டு மலையைப் பற்றிப் படிக்காமல் போவதும் சரியாகாது. ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ நாவலை எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் எடுத்துப் படித்தபோது எனக்குப் பதினாறு வயது இருக்கும். பின்னட்டையில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் ஊதா முத்திரைகள் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. ஏதோ ஒரு வீட்டுத் தேநீர்க் குவளையின் வட்டம் நடுப்பக்கம் ஒன்றில் பதிந்திருந்தது. நான் நாள்தோறும் நடந்து போகும் சரிவுகளும், ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்களும் அச்செழுத்தில் வரலாம் என்பதையே அந்தப் புத்தகத்தில்தான் முதன்முதலில் அறிந்தேன். அதுவரை நாவல் என்றால் தஞ்சாவூர் அக்கிரகாரத்திலோ சென்னையிலோதான் நடக்கும் என்று எண்ணியிருந்தவன் நான்.

மின்துறைப் பணியில் இருந்த கணவருடன் ராஜம் கிருஷ்ணன் இந்த மலையில் வாழ்ந்த காலத்தில் இம்மலை மக்களான படகர்களின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தார். அதன் விளைவாக 1963இல் வந்தது இந்த நாவல். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியை அவர் அலங்காரமாக வைக்கவில்லை. நாவலின் நாட்காட்டியே அதுதான். மண்ணைவிட்டு விலகாத ஜோகியும், பணத்தைத் தேடி உதகைக்கு ஓடும் ரங்கனும் சிறுவர்களாக இருந்த காலம் தொடங்கி, ஒரு பூப்புக்கும் அடுத்த பூப்புக்கும் இடையில் சாமையும் ராகியும் விளைந்த நிலத்தில் உருளைக்கிழங்கும் தேயிலையும் ஏறிவிடுகின்றன, பள்ளிக்கூடம் வருகிறது, பங்காளிகளுக்குள் பகை முற்றுகிறது, அணைகளும் மின்நிலையங்களும் வருகின்றன. கனடாவின் உதவியோடு 1956இல் குந்தா மின்திட்டம் தொடங்கிய பின் இந்த மலையில் நேர்ந்த மாற்றத்தைப் புள்ளிவிவரமாகப் பல இடங்களில் படிக்கலாம். வயலின் நடுவே அளவுக் கயிறு விழும்போது ஒரு குடும்பத்துக்குள் என்ன ஆகிறது என்பதைப் படிக்க இங்கேதான் வர வேண்டும்.

குறையும் உண்டு. பிற்பகுதியில் பாத்திரங்கள் சில இடங்களில் பேசுவதை விட்டுவிட்டு உரையாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். படகர்கள் பேசும் படுகு மொழியின் வாசம் சில சொற்களோடு நின்றுவிடுவதால், ஹட்டியில் வளர்ந்த என் நண்பர்களில் சிலர் இதை விருந்தாளி எழுதிய புத்தகம் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அவர் திண்ணையில் உட்கார்ந்து, காபியைக் குடித்துவிட்டு உடனே எழுந்து போய்விட்ட விருந்தாளி அல்லர். அறுபது ஆண்டு கழித்தும் அந்த நண்பர்களே சண்டை போடுவதற்கு அந்தப் புத்தகத்தைத்தான் எடுக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: நாவலைப் படித்த வேகத்தில் இந்த மே மாதத்தில் குறிஞ்சிப் பூவைத் தேடி அலைய வேண்டாம். பெருமளவில் கடைசியாக 2018இல் பூத்தது, இனி அப்படிப் பூப்பது 2030இல்தான்.

உங்கள் ஜன்னலுக்கு வெளியே தெரியப்போகும் தேயிலைப் பச்சையைப் பற்றி இரண்டு புத்தகங்கள். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் தந்திருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மேஸ்திரியின் ஆசைவார்த்தையை நம்பி மலையேறும் கருப்பன், வள்ளி ஆகியோரின் கதை. வால்பாறையைப் பற்றியது என்றாலும், முன்பணமும், லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பின் அறையும், அட்டைக்கடியும் மலைக்கு மலை பெரிதாக மாறிவிடவில்லை. மொழிபெயர்ப்பு என்ற நினைவே வராதபடி ஓடும். இன்னொன்று கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் தலைமுறைக் கதை. அது வெளிவந்த 1964ஆம் ஆண்டிலேயே, அந்தத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப வகைசெய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும். அந்த ஒப்பந்தத்தால் திரும்பி வந்தவர்களுக்காக 1968 முதல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. கோத்தகிரியிலும் கூடலூரிலும் நீங்கள் பேச்சுக்கொடுக்கும் பெரியவர் ஒருவர் கண்டியைத் தம் ஊர் என்று சொன்னால் வியக்க வேண்டாம். இன்று கொழுந்து பறிப்பவர்களில் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய நாவலை எழுதப்போகிறவர் எந்த மொழியில் எழுதுவார் என்று நான் சில நேரம் யோசிப்பதுண்டு.

நாவல் அல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். ஜெயமோகனின் ‘அறம்’ தொகுப்பில் (2011) உள்ள ‘யானை டாக்டர்’ என்ற நீண்ட சிறுகதையை மலையேறும் முன்பே மூவரும் படித்துவிடுங்கள். காட்டு விலங்கு மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியை மையமாகக் கொண்டது. சுற்றுலா வருகிறவர்கள் வீசும் மதுப்புட்டியின் சில்லு யானையின் காலில் ஏறினால் என்ன ஆகும் என்பதை அந்தக் கதை காட்டும் விதம், பத்து எச்சரிக்கைப் பலகைகள் செய்யாததைச் செய்யும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது குஞ்சப்பனை வரும். மே மாதம் பலாப்பழக் காலம். யானைகள் சாலையைக் கடக்கும். காரை நிறுத்திப் படமெடுக்க இறங்குகிறவர்களைப் பார்க்கும்போது, கதையைப் படித்திருந்தால் உங்கள் மகனுக்கு அவர்கள்மேல் வரும் கோபம் வேறு மாதிரி இருக்கும்.

பட்டியலில் இல்லாத இரண்டைப் பற்றி நீங்கள் கேட்கக்கூடும். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் பதினேழு வயதில், விடுமுறையில், ஒரே மூச்சாகப் படிப்பது ஒரு சுகம்தான். உங்கள் மகன் இன்னும் படிக்கவில்லையென்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அதற்கு என் பரிந்துரை தேவையில்லை. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சத்தியமங்கலம் மலைகளில், வீரப்பன் தேடுதல் வேட்டையின்போது சோளகர் என்ற பழங்குடியினர் பட்டதைச் சொல்வது. தமிழில் கட்டாயம் படிக்க வேண்டிய புத்தகங்களில் ஒன்று. அதை மட்டும் விடுமுறையில் படிக்க வேண்டாம் என்பேன். நீங்கள் கனம் என்று எழுதினீர்களே, அந்தச் சொல்லுக்கு நான் ஒப்புக்கொள்ளும் பொருள் அந்த நாவலில்தான் இருக்கிறது. ஊருக்குத் திரும்பி, வேலைக்கு நடுவில், ஒவ்வொரு அத்தியாயமாகப் படியுங்கள்.

மொழிபெயர்ப்பில் இன்னும் ஒன்று வேண்டுமானால், ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’. யூமா வாசுகியின் தமிழ். ஓராசிரியர் பள்ளிக்கு ஆசிரியராக வரும் ரவியின் கதை என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்வதால் ஒன்றும் சொன்னதாகாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பனங்கூட்டத்துக்குள் புகுந்து வரும் ஓசை நாவல் முழுவதும் கேட்கும். உங்கள் மூவரில் இது யாருக்கு ஒட்டும் என்று எனக்குக் கணிக்க முடியவில்லை. என் ஊகம் உங்கள் தாயார்.

வாங்குவதைப் பற்றி ஒரு சொல். புத்தகங்களைத் திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ வாங்கிக்கொண்டு ஏறுங்கள். இங்கே வந்து கடைகடையாகத் தேடினால் பாடநூலும் வினாத்தாள் தொகுப்பும்தான் கிடைக்கும். பத்து நாளுக்கு மூவருக்கும் சேர்த்து நான்கு புத்தகம் போதும். பெட்டியில் துணிக்கு அடியில் வைக்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மேலாக வையுங்கள். மலையேறும்போது மூடுபனிக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டால் அரைமணி நேரத்தில் தாள் பதமாகிவிடும். வண்டி நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் எடுக்க மறந்துவிடாதீர்கள். 2024 மே முதல் அது இல்லாமல் மேலே விடமாட்டார்கள். ‘குறிஞ்சித் தேன்’ மட்டும் வாங்க வேண்டாம். என்னிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று, நூலகத்தில் கழிவாக விலைக்குப் போட்டபோது வாங்கி வந்த அந்தப் பழைய பிரதியேதான். வந்து சேர்ந்ததும் சொல்லியனுப்புங்கள், கொடுத்தனுப்புகிறேன். தேநீர் வட்டம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று உங்கள் மகன் கண்டுபிடிக்கட்டும்.